ஆற்றில் விட்ட கத்தரி நாற்று

கல்யாண வீட்டுக்குள் நுழைந்தால் மற்றவர்கள் பெண்ணின் நகையைப் பார்ப்பார்கள், புடவைக் கரையைப் பார்ப்பார்கள். என் கண் மட்டும் பாலிகைக் கிண்ணங்களை எந்த மூலையில் வைத்திருக்கிறார்கள் என்று தேடும். கண்டதும் வயிறு எரியும். கூட வந்தவர்கள், "என்ன, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்று கேட்பார்கள். "வெயில்" என்று சொல்லிவிடுவேன். பொய் இல்லை. அந்த வெயில் மட்டும் இல்லாவிட்டால் நான் ஏன் வீட்டுக்குள் நாற்று விட்டிருக்கப் போகிறேன்?

ஐம்பதுகளின் கடைசி அது. ஸ்ரீரங்கத்தின் வெளித் தெருக்களில் ஒன்றில், ஒரு மண்டிக்காரர் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தோம். முன்கட்டில் அவர், அவர் மனைவி, கல்யாண வயதில் ஒரு பெண். பின்கட்டில் நாங்கள் இரண்டு பேர். என் கணவருக்குத் திருச்சியில் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை. அவர் சுருட்டி எடுத்து வரும் கழிவுத் தாள்களைப் படித்துப் படித்துத்தான் எனக்கு நாலு வார்த்தை எழுத வந்தது. மற்றபடி நான் உப்பிலியபுரத்துப் பக்கம் கிணற்று மேட்டில் வளர்ந்தவள். பேச்சில் வளர்ந்தவள் என்றும் சொல்லலாம். யார் எதை எப்படிச் சொன்னார்கள் என்பது எனக்கு மறக்காது. அதனால்தான் கோபமும் மறப்பதில்லை.

சித்திரைத் தேருக்கு எங்கள் பக்கத்துச் சனம் வண்டி கட்டிக்கொண்டும் பஸ் ஏறியும் ஸ்ரீரங்கம் வரும். அந்த வருஷம் அப்பாவும் வந்தார். தேரைப் பார்த்துவிட்டு, மோர் குடித்துவிட்டு, தோள் துண்டுக்குள்ளிருந்து ஒரு சுரைக்குடுக்கையை எடுத்து என் முன்னால் வைத்தார். குடுக்கையின் வாயைச் சாணி வைத்து அடைத்திருந்தது. பார்த்ததுமே விதை என்று தெரிந்துவிட்டது.

"கிணத்துல வாளிய விட்டா மண்ணுதாம்மா வருது" என்றார். "ஆடிக்கு மழை பேஞ்சுரும், கிணறும் ஊறிரும். ஆனா மழை வந்த பொறவு நாத்து விட்டா, நட எப்ப, காய்க்க எப்ப? இங்க உங்க கிணத்துல தண்ணி கெடக்கு. நீ நாத்து விட்டு வை. ஆனி கடைசியில வந்து எடுத்துக்கிட்டுப் போறேன்."

"எல்லாத்தையுமா கொண்டாந்துட்டீங்க? கொஞ்சம் வீட்டுல வச்சிருக்கலாம்ல?"

"வைக்கிற அளவுக்கு எங்க இருக்கு? போன வருசம் செடி பாதியில காஞ்சிருச்சு. வெதைக்குன்னு விட்டது இம்புட்டுதான். ரெண்டு பொட்டணம். ஒண்ணு கத்தரி, ஒண்ணு மொளகா. பாத்துக்க."

கத்தரி, பச்சையில் வெள்ளை வரி ஓடும் குண்டுக் காய். மிளகாய், வானத்தைப் பார்த்துக் காய்க்கும் குட்டை ரகம். எங்கள் வீட்டைத் தவிர அந்த வட்டாரத்தில் யாரிடமும் கிடையாது. அந்த இரண்டையும் நட்டுத்தான் அப்பா ஆடியிலிருந்து தைவரை சந்தைக்குப் போய்வருவார். அந்தக் குடுக்கைக்குள் இருந்தது எங்கள் வீட்டு அந்த வருஷத்துச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கத்திரி வெயில் ஆரம்பித்திருந்தது. ஸ்ரீரங்கத்தில் அந்த வெயிலுக்குக் கொல்லையில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. இரண்டு இலைத் தளிரைக் கொண்டுபோய் வைத்தால் அப்பளம் பொரிந்ததுபோல் ஆகிவிடும். வெயிலுக்குத் தப்பினால் அணில், அணிலுக்குத் தப்பினால் குருவி. ஆகவே வீட்டுக்குள்ளேயே விடுவது என்று முடிவு செய்தேன்.

கொட்டாங்குச்சிகளைச் சேர்த்து, கண்ணில் ஓட்டை போட்டேன். அப்பா கொண்டுவந்திருந்த செம்மண் ஒரு பங்கு, காவேரி மணல் ஒரு பங்கு, மக்கிய சாணிப் பொடி ஒரு கைப்பிடி. சலித்துப் போட்டு, விதையைச் சாம்பலில் பிசறித் தூவி, மேலே ஈரச் சாக்கு. பின்கட்டில் தண்ணீர்ப் பானை வைக்கும் மேடைக்கு அடியில் எப்போதும் குளிர்ச்சி இருக்கும், அங்கே வைத்தேன். எறும்பு வராமல் சுற்றிலும் மஞ்சள்தூள் கோடு. கத்தரி சொன்ன நாளுக்கு முளைத்தது. மிளகாய் மாமியார் வீட்டுக்கு முதல்முறை வந்த பெண் மாதிரி தலையைக் காட்டவே யோசித்தது. எங்களுக்கும் முன்கட்டுக்கும் நடுவில் ஒரு முற்றம் உண்டு. முளைத்த பிறகு, காலை வெயில் முற்றத்து ஓரத்தில் இறங்கும்போது கொட்டாங்குச்சிகளை அங்கே கொண்டுபோய் வைப்பேன். வெயில் நகர நகர நானும் நகர்த்துவேன். உச்சிக்கு முன்னால் உள்ளே தூக்கிவிடுவேன்.

என் கணவர் பார்த்துவிட்டுச் சிரிப்பார். "நம்ம வீட்டுல குடியிருக்கறது நாமளா, கத்தரியா?"

"கத்தரிதான். நாம ஒண்டுக்குடித்தனம்."

கொத்தமல்லியை ஒரு கிழிந்த தகர வாளியில் எங்கள் சமையலுக்கென்று போட்டிருந்தேன். துளசியும் விட்டிருந்தேன். துளசி எனக்கல்ல. வீட்டுக்கார அம்மாவின் மாடத்தில் இருந்த துளசி அந்த வெயிலில் குச்சியாகிவிட்டது. "கல்யாணம் வர்ற வீடும்மா, மாடம் வெறுமையா நிக்குது, மனசு கேக்கல" என்று என்னிடம் வந்து கண் கலங்கினார். காய்ந்த கதிரையே உருவி, விதை எடுத்து, தனியாக நாற்று விட்டு, வளர்ந்ததும் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம் அவர்கள் வீட்டுப் பெண்ணுக்குத்தான். ஆனி பிறந்ததும் முதல் முகூர்த்தம். மாப்பிள்ளை வீடு திருவெள்ளறை. நிலபுலம் உள்ள குடும்பம். கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் குயவர் பாலிகைக் கிண்ணங்கள் கொண்டுவந்து இறக்கினார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தச் சின்ன மண் கிண்ணங்களில் மண் போட்டு, நவதானியத்தைத் தூவி, சுமங்கலிப் பெண்கள் பால் கலந்த நீர் தெளித்து, வீட்டுக்குள் இருட்டான மூலையில் வைப்பார்கள். கல்யாணம் முடிந்த மறுநாள் பெண்ணும் மாப்பிள்ளையும் அதை ஆற்றுக்குக் கொண்டுபோய் நீரில் விடுவார்கள். முளை எவ்வளவு செழிப்பாக வந்திருக்கிறதோ அவ்வளவு செழிப்பாகக் குடும்பம் நடக்கும் என்று நம்பிக்கை. அதனால் ஆற்றுக்குப் போகக் கிண்ணத்தை வெளியே எடுக்கும்போது மாப்பிள்ளை வீட்டார்தான் முதலில் எட்டிப் பார்ப்பார்கள்.

குயவர் கொண்டுவந்ததில் சில கிண்ணங்கள் விளிம்பு உடைந்திருந்தன. வீட்டுக்கார அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"இந்தாம்மா, இதெல்லாம் மங்கல காரியத்துக்கு ஆகாது. ஒன் நாத்தெல்லாம் பெருசாயிடுச்சே, கொட்டாங்குச்சியில நெருக்கிக்கிட்டு நிக்குது. இதுல மாத்திக்க."

நல்ல மனத்தோடுதான் கொடுத்தார். நானும் நல்ல மனத்தோடு வாங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலமே கத்தரி, மிளகாய், துளசி எல்லாவற்றையும் வேர் நோகாமல் கிண்ணங்களுக்கு மாற்றினேன். நாலு இலை விட்டுப் பச்சைப் பசேல் என்று நின்றன.

பிறகு உறவுக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். அதில் முக்கியமானவர் வீட்டுக்கார அம்மாவின் நாத்தனார், மணச்சநல்லூரிலிருந்து வந்தவர். அந்த அம்மாள் எதைச் சொன்னாலும் "நான் சொல்றேன் கேளு" என்று ஆரம்பிப்பார். உப்பு போதுமா என்று கேட்டால்கூட, "நான் சொல்றேன் கேளு, போதும்" என்பார். வந்ததும் பாலிகைப் பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நான் சொல்றேன் கேளு, பாலு நெறைய விடணும். கஞ்சத்தனமா தெளிச்சா வம்சமும் கஞ்சத்தனமாத்தான் தழைக்கும்."

அதைக் கேட்டு, வந்த சுமங்கலிகள் எல்லாரும் ஆளுக்கு ஒரு கரண்டி பால் விட்டார்கள். அடுத்தவள் விட்டதைவிடக் குறைவாக விட்டோம் என்று யாரும் பேசிவிடக் கூடாதே! கையை நனைத்து உதறுவதோடு நிற்க வேண்டிய காரியம். அந்த வெயிலில், மூடிய அறையில், அவ்வளவு பால் விட்டால் என்ன ஆகும்? இதைக் கேட்கவே வேண்டாம். ஆனால் அந்த அறைக்குள் நான் போகவில்லை. எனக்கு அன்று தெரியாது.

கல்யாணத்துக்கு முதல் நாள், முற்றத்தில் வாழைத்தார் இறக்க இடம் வேண்டும் என்று என் கிண்ணங்களையும் கொத்தமல்லி வாளியையும் முன்கட்டுக் கூடத்து ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார்கள். "பத்திரம்மா" என்றேன். "எங்க வீட்டுக்குள்ள இருக்குது, காக்கா வந்து தூக்கிக்கிட்டுப் போயிடுமா?" என்று வீட்டுக்கார அம்மா சிரித்தார். காக்காய்தான் தூக்கவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. மறுநாள் காலையில் நான் கொல்லையில் ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சம்பந்திகளுக்கு மத்தியான விருந்துக்கு வடை. உளுந்து ஆட்ட ஆள் வரவில்லை என்றார்கள். "நான் ஆட்டித் தரேன்" என்று நானாகத்தான் போய் உட்கார்ந்தேன். அவர்கள் வீட்டு உளுந்து என் கையில் பொங்கிக்கொண்டிருந்த நேரம், முன்வாசலில் மேளம் கிளம்புகிற சத்தம் கேட்டது. பாலிகை ஆற்றுக்குப் போகிறது என்று மனசுக்குள் வாழ்த்தினேன். நல்லா இருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

சமையல்காரர் கரண்டியைத் துடைத்துக்கொண்டே கொல்லைக்கு வந்தார். "என்ன பாலிகைம்மா அது! எத்தனையோ கல்யாணம் சமைச்சிருக்கேன், இப்படிப் பச்சையா நான் பாத்ததே இல்ல. சம்பந்தி அம்மா அசந்து போயிட்டாங்க."

"பச்சையாவா? இருட்டுல வளந்தது மஞ்சளாத்தானே இருக்கும்?"

"நாலு நாலு எலை விட்டு, சும்மா கம்பீரமா நின்னுச்சு."

கையில் மாவோடு எழுந்து கூடத்துக்கு ஓடினேன். ஓரத்தில் என் கிண்ணங்கள் இல்லை. தரையில் ஈர வட்டங்கள் மட்டும் வரிசையாக இருந்தன. எல்லாம் போய், கொத்தமல்லித் தகர வாளி மட்டும் தனியாக நின்றது. அது பாலிகை மாதிரி இல்லை என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. அதையும் சும்மா விடவில்லை. யாரோ ரசத்துக்கு அடியோடு கிள்ளியிருந்தார்கள்.

அப்படியானால் அவர்கள் பாலிகை எங்கே? தேட வேண்டிய அவசியமே இல்லாமல் நாற்றம் காட்டிக்கொடுத்தது. கிணற்றடிக்குப் பின்னால் சாக்கு போட்டு மூடியிருந்தது. தூக்கிப் பார்த்தேன். பால் திரிந்து, தானியம் கறுத்து, மேலே பூசணம் பஞ்சு மாதிரி படர்ந்திருந்தது. வீட்டுக்கார அம்மாவின் ஓரகத்தி பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லுங்க, யார் செஞ்ச வேலை இது?"

"என்னைக் கேக்காதம்மா. காலையில தெறந்து பாத்தாங்க, இப்படி இருந்துச்சு. சம்பந்தி வர்ற நேரம். மணச்சநல்லூர் அண்ணிதான், 'நான் சொல்றேன் கேளு, வெளியில அழகா நிக்குதே, அதை எடுத்து வையி'ன்னாங்க. ஒடஞ்ச விளிம்புக்குப் பூவைச் சுத்திட்டாங்க."

தெரியாமல் எடுத்திருந்தால் நான் ஒரு நாள் அழுதுவிட்டு விட்டிருப்பேன். தெரிந்தே எடுத்தார்கள். அந்தக் கோபம் எனக்கு உள்ளங்காலில் ஆரம்பித்து உச்சிக்கு ஏறியது. கையில் ஒட்டியிருந்த மாவைக்கூடக் கழுவாமல் தெருவில் இறங்கினேன்.

அம்மா மண்டபத்துப் படித்துறைக்கு அந்த வெயிலில் ஓடியதை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு வாங்குகிறது. வழியெல்லாம் சனம் ஆற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். "முக்கொம்பு தாண்டிடுச்சாம்! இப்ப வந்துடுமாம்!" என்று ஆளாளுக்குப் பேச்சு. பூவும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு புதுத்தண்ணீரைக் கும்பிடப் போகிறவர்கள். நான் அவர்களை இடித்துக்கொண்டு ஓடினேன். கோடையில் காவேரி பாதி மணல்தான். படித்துறையை ஒட்டி முழங்கால் அளவு ஓடும். அதில் விட்டது அங்கேயே கிடந்தாலும் கிடக்கும். ஆனால் புதுத்தண்ணீர் வந்துவிட்டால் எங்கள் அப்பாவின் ஆடி, தை எல்லாவற்றையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விடும்.

நான் படியில் இறங்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. காலிக் கிண்ணங்களைப் படியில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் நீரில் நின்று ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் இறைத்து விளையாட, சுற்றிலும் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காலுக்கு அந்தப் பக்கம், கரையோரக் கோரையில், என் கத்தரி நாற்றுகள் வேரும் இலையுமாகச் சிக்கி மிதந்துகொண்டிருந்தன.

புடவையைச் செருகிக்கொண்டு நேரே தண்ணீருக்குள் இறங்கினேன். பாட்டு நின்றது.

"ஏய், ஏய், என்ன பண்றே?" என்று நாத்தனார் கத்தினார்.

"என் நாத்தை எடுக்கறேன்."

"அடி பாவி! ஆத்துல விட்டதை யாராச்சும் திருப்பி எடுப்பாங்களா? நான் சொல்றேன் கேளு, பொண்ணுக்கு ஆகாது. கரையேறு!"

"உங்க பாலிகை உங்க கிணத்தடியில கெடக்கு, சாக்குக்கு அடியில. அதைக் கொண்டாந்து விடுங்க. நான் தொடவே மாட்டேன். இது எங்க அப்பா குடுத்த கத்தரி."

வீட்டுக்கார அம்மா படியிலிருந்து பாதி இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, தாயே, மானத்தை வாங்காதே. பெரியவங்க எல்லாம் நிக்கிறாங்க. ஒரு நல்ல காரியத்துக்குப் போச்சுன்னு நெனச்சுக்க. ரங்கநாதர் பாதத்துக்குப் போனதா நெனச்சுக்க" என்றார்.

இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திருடினேன் என்று சொல்லியிருந்தால்கூடக் கேட்டுக்கொண்டிருப்பேன். என் கையிலிருந்து பிடுங்கி, பெருமாள் கையில் கொடுத்ததாகச் சொல்வது என்ன நியாயம்? பெருமாள் என்னிடம் கேட்டாரா?

"பெருமாளுக்குக் குடுக்கணும்னா உங்க மண்டியில மூட்டை மூட்டையா இருக்கே, அதைக் குடுங்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். எனக்கு மெல்லப் பேச வராது, கோபம் வந்தால் அறவே வராது.

இதற்குள் சம்பந்தி அம்மா தண்ணீருக்குள் இறங்கி வந்துவிட்டார். கனத்த உடம்பு, கை நிறைய வளையல். குனிந்து ஒரு நாற்றை எடுத்தார். இலையின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். திருவெள்ளறைக் காட்டில் வேலை வாங்கிய கை அது.

"கத்தரிதான்" என்றார். பிறகு வீட்டுக்கார அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "எங்க ஊர்ல ஒம்பது தானியந்தான் போடுவாங்க. உங்க ஊர்ல பத்தாவது தானியம் கத்தரியா சம்பந்தி?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு படி ஏறிப் போய், மேலே புதுத்தண்ணீர் பார்க்க நின்ற கூட்டம் வரை பரவியது. "நல்லவேளை, கத்தரியோட நிறுத்துனாங்க. முருங்கை வச்சிருந்தா மாப்பிள்ளை தூக்கிக்கிட்டு வந்திருக்க முடியாது" என்று சம்பந்தி அம்மா இன்னும் ஒன்று போட்டார். வீட்டுக்கார அம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மணச்சநல்லூர் அம்மாள் கவிழ்த்து வைத்த காலிக் கிண்ணங்களை எண்ண ஆரம்பித்தார்.

நான் பொறுக்கிக்கொண்டே இருந்தேன். கோரைக்குள் கையை விட்டு, ஒவ்வொன்றாக உருவி மடியில் போட்டேன். மிளகாயைக் காணவில்லை. வேர் மெலிசு, இலை சின்னது. மண்ணோடு கரைந்து எங்கோ போயிருந்தது. காலால் துழாவினேன், கையால் துழாவினேன். மணல்தான் வந்தது.

"அக்கா" என்று மெல்லிய குரல். கல்யாணப் பெண். மஞ்சள் கயிறு நனைந்து நிற்கிறாள். "உங்க காலுக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்கு."

குனிந்து எடுத்தேன். அதுவும் கத்தரிதான். நாத்தனார் உடனே அவள் கையில் நறுக்கென்று கிள்ளினார்.

அப்போதுதான் மேலே நின்ற கூட்டம் "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று கத்தியது. மேற்கே மணல்மேல் செந்நிறமாக, நுரையும் சருகும் முன்னால் ஓட, புதுத்தண்ணீர் அகலமாகப் பரவிக்கொண்டு வந்தது. எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அடித்துப் புரட்டும் வெள்ளம் ஒன்றும் இல்லை. ஆனால் கோரையை மூழ்கடிக்க அது போதும். "ஏறி வா பொண்ணே, நாத்துக்காக நீ போயிடாதே" என்று சம்பந்தி அம்மா என் தோளைப் பிடித்து இழுத்தார். படியில் நின்று திரும்பிப் பார்த்தபோது நான் துழாவிய இடம் தெரியவில்லை. கும்பிடக் கை வரவில்லை எனக்கு. இரண்டு கையாலும் மடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து, பழைய கொட்டாங்குச்சிகளையே தேடி எடுத்து, மிஞ்சியதை நட்டேன். பானை மேடைக்கு அடியில் வைத்து ஈரத்துணி போட்டு மூடினேன். என் கணவர் வேலையிலிருந்து வந்து எல்லாம் கேட்டார்.

"விடு. நாத்துதானே. சந்தையில வாங்கிக்கலாம்."

"உங்க அச்சகத்துல யாராவது நீங்க கோத்து வச்ச பக்கத்தைத் தட்டிக் கொட்டிட்டு, 'எழுத்துதானே'ன்னு சொன்னா விடுவீங்களா?"

அவர் எழுந்துபோய், கொட்டாங்குச்சிகள்மேல் போட்ட துணியை நனைத்துவிட்டு வந்தார். கொட்டிவிட்டால் எவ்வளவு கோபம் வரும் என்று அவருக்குத் தெரியும்.

சிலது வாடி விழுந்தது. சிலது தலையைத் தொங்கப் போட்டுக் கிடந்து, நாலைந்து நாள் கழித்து நிமிர்ந்தது. கத்தரிக்குக் கொஞ்சம் ரோஷம் உண்டு. மிளகாய் ஒன்றுகூட இல்லை. சுரைக்குடுக்கையைத் தட்டிப் பார்த்தேன், கவிழ்த்துப் பார்த்தேன். தூசிதான் விழுந்தது.

முன்கட்டில் என்னோடு பேச்சு நின்றது. ஆனால் என்னைப் பற்றிய பேச்சு நிற்கவில்லை. மறுவீட்டுக்குப் போன பெண்ணுக்குத் தலைவலி என்றால் நான் காரணம். திருவெள்ளறையில் மாடு கன்றை உதைத்தது என்றால் நான் காரணம். "ஆத்துல விட்டதை எடுத்தாளே" என்று பால்காரரிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பால் கெட்டுப்போனதை மட்டும் அந்தப் பால்காரரிடம் சொல்லவில்லை. பின்னாளில் அந்தப் பெண்ணுக்கு முதல் குழந்தை ஆண் குழந்தையாகப் பிறந்தது என்று கேள்விப்பட்டேன். அதற்கும் நான்தான் காரணம் என்று யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். ஊஹூம். அது ரங்கநாதர் கிருபையாம்.

வீட்டுக்காரர் நேரே வந்து சொல்லவில்லை. என் கணவரை வாசலில் நிறுத்தி, "ஆடியில யாரும் வீடு மாத்த மாட்டாங்க. நீங்க ஆனிக்குள்ளயே பாத்துக்கிட்டா உங்களுக்கும் நல்லது" என்றார். எங்களுக்கு நல்லதாம்! உறையூர்ப் பக்கம் ஒரு மாடி அறை பார்த்தோம்.

வண்டியில் சாமான் ஏற்றுகிற அன்று காலையில் அப்பா வந்து இறங்கினார், தோளில் ஈரச் சாக்கோடு. நான் எதையும் முன்கூட்டிச் சொல்லியனுப்பவில்லை. எப்படிச் சொல்வது? அவர் நேரே பானை மேடையடிக்குப் போய்க் குந்தினார். கொட்டாங்குச்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"மொளகா?"

தலையை ஆட்டினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் துண்டை எடுத்து உதறினார். மடித்தார். மறுபடி உதறினார். எங்கள் அப்பா கெட்ட வார்த்தை பேசாதவர். அன்று பேசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

"வேருல பலம் இருக்கு. எடு, கட்டுவோம்" என்றார்.

இரண்டு பேரும் நாற்றுகளை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மா முற்றத்துக்கு வந்து நின்றார். இத்தனை நாள் இல்லாமல் அன்று என் முகத்தைப் பார்த்துப் பேசினார். போகிற நேரத்தில் மனம் இளகியிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்தது என் புத்தி.

"ஏம்மா, போறது போறே. மாடத்துக்குத் துளசி நாத்துத் தரேன்னு சொல்லியிருந்தியே?"

கையிலிருந்த சாக்கைக் கீழே வைத்தேன். பிறகு கையை நீட்டி ஆற்றுப் பக்கம் காட்டினேன்.

"உங்க துளசியும் அதே கிண்ணத்துலதாம்மா இருந்துச்சு. அங்கதான் போயிருக்கு. வேணும்னா எறங்கி எடுத்துக்குங்க. பொண்ணுக்கு ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். வாயை அடக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். வண்டி தெருமுனை திரும்பியதும் அவர் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். அழுகிறாரோ என்று எட்டிப் பார்த்தால், சிரிக்கிறார்.

அந்த ஆடியில் கத்தரி நட்டார். சந்தைக்குப் போக அது காணாது. வேறு வழி இல்லாமல் அந்த வருஷம் பக்கத்துக் காட்டில் கூலிக்குப் போனார். தன் நிலம் இருக்க அடுத்தவன் வரப்பில் நின்றார். காய்த்ததில் ஒன்றைக்கூடப் பறிக்காமல் அத்தனையையும் மஞ்சளாகப் பழுக்கவிட்டு விதை எடுத்தார். கத்தரி பிழைத்தது. குட்டை மிளகாய் போனது போனதுதான். பிறகு எத்தனையோ சந்தையில் தேடிவிட்டேன். கடைக்காரர்கள் எதையெதையோ எடுத்துக் காட்டி, "இதுதான் அது" என்பார்கள். இல்லை. எனக்குத் தெரியாதா?

அடுத்த கோடையில் அப்பா மறுபடி ஒரு குடுக்கை கொண்டுவந்தார். இந்தத் தடவை பாதி விதையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். உறையூர் மாடி அறையில் நாற்று விட்டேன். அந்த வைகாசியில் கீழ்வீட்டில் கல்யாணம். நல்ல மனிதர்கள், வந்து வந்து அழைத்தார்கள். போனேன். போவதற்கு முன்னால் கொட்டாங்குச்சிகளை எல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளி, ஜன்னலைச் சாத்தி, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் பந்தியில் உட்கார்ந்தேன்.

"மாடியில அப்படி என்ன நகை வச்சிருக்கீங்க?" என்று பக்கத்து இலைக்காரி கேட்டாள்.

"கத்தரி" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.